பாறசாலை டேசனில் யாகப்பன்

எழுதிக்கிடுங்க ஏமானே.
நீரோடி, லூக்காசு மவன் யாகப்பன்.
எந்தக் கொடின்னு மறுபடியும் கேக்கிறீங்க.
கொடியே இல்ல. ராத்திரி.
நானும் வியாகுலமும் மரத்துல வெலங்க கெடந்தோம்,
ஆறாம்மீன் உச்சிக்கு ஏறுன நேரம்.
கடல் முதுகத் தூக்கிச்சு.
திமிங்கிலம்னு துடுப்ப எடுத்தேன்.
திமிங்கிலத்துக்கு எண்ண வாடை உண்டுமா,
இருமல் உண்டுமா?

மேல ஏழெட்டு வெள்ளைக்காரனுவ.
தாடி, சொறி, குழிஞ்ச கண்ணு,
நம்ம கொட்டடியில கெடக்கப்பட்டவனுவள மாதிரி.
நடுவுல ஒருத்தன், அவனுக்குத் தொப்பி மட்டும் வெள்ள.
கழுத்துல குருசு.
கண்டதும் நெத்தியில நானும் குருசு வரஞ்சேன்.
கிட்டத்துல பாத்தா
அந்தக் குருசுல ஆண்டவர் இல்ல,
வெறும் இரும்பு.

நெஞ்சத் தொட்டு ஒரு பேரு சொன்னான்.
சாலமோன்னு எனக்க காதுல விழுந்து.
அப்பிடியே எழுதிக்கிடுங்க.

கோபுரத்துச் சொவருல வெள்ளக் கோடு, பதினொண்ணு.
ஏலக்காரன் கரியால போடுவான் பாத்தீங்களா, அதே போல.
இவனுக்கும் கடல்லதான் பொழப்பு,
இந்த வருசம் நல்ல பாடு போலன்னு நெனச்சேன்.
ஒவ்வொண்ணா விரல் வச்சுக் காட்டுனான்.
ஒரு கோட்ட மட்டும்
தொடாம தாண்டுனான்.
ஏன்னு எனக்குத் தெரியாது, நீங்கதான் படிச்சவங்க.

ஏழு சூரை குடுத்தேன்.
கஞ்சிக் கலயத்துக்கூட வச்சிருந்த நாரங்காயும் குடுத்தேன்.
மீன அவனுவ பாக்கவே இல்ல.
நாரங்காயத் தோலோட கடிச்சானுவ, கண்ண மூடிக்கிட்டு.
வெலைக்கு ஒரு டின்னு தந்தான்.
சக்கரம் கேட்டிருக்கலாம்.

கரையில தெரிஞ்ச விளக்கக் காட்டிக் கேட்டான்.
கோயில் விளக்கு, ஊரு நீரோடின்னேன்.
நீரோடி, நீரோடின்னு ரெண்டு மட்டம் சொல்லிப் பாத்தான்.
வெள்ளத்துக்கு அடியில ஓடப்பட்டவனுக்கு
அந்தப் பேரு பிடிச்சிருக்கும்.

மூணாம் நாள் தேயிலப் பெட்டி கரையடைஞ்சு.
அரிசி கண்டு மாசமாச்சு ஏமானே,
பிள்ளைய மரச்சீனி தின்னு வயிறு வீங்கிக் கெடக்கு,
ஊரே பெட்டி பெறக்க ஓடுச்சு. நானும்தான், மறைக்கல.
பெட்டிக்குப் பொறத்தால ஆளுவ வந்தினும்.
நாலாவது ஆள் வள்ளவிளை எஸ்தாக்கி.
கப்பல்ல கரி தள்ளப் போனவன்.
கரியெல்லாம் கழுவிப் போயி
வெளுத்துக் கெடந்தான்.
வெள்ளைக்காரனாக்கும்னு
மொதல்ல யாரும் தொடல.

பன்னெண்டாம் கோடு இந்நேரம் காஞ்சிருக்கும்.
வியாகுலம் அதுக்குப் பெறகு கடலுக்கு வரல்ல.
மீனு வித்த கையப் பாத்துக்கிட்டு
பொரைக்குள்ளேயே இருக்கான்.

எதிரிக்குத் தீனி போட்டேங்கிறீங்க.
சந்தையில ஒட்டியிருக்க சர்க்கார் படத்துல
எதிரிக்குப் பல்லு கீழ் உதட்டத் தாண்டி நிக்குது.
இவனுக்கு முன்பல்லு ரெண்டு இல்ல.
ஈறுல ரத்தம்.

ரேகை எங்க வைக்கணும், இங்கயா?

அந்த டின்ன மட்டும் திருப்பித் தாருங்க.
அடியில கொஞ்சம் உப்பு இருக்கு.