ஆறாம் படி

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தால்
ஒரு பிரிவைப் படித்து முடிக்கலாம்.
எஞ்சின் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தால்
இரண்டு.
கும்பகோணம் கல்லூரிக்குப் போகும் வழியில்
எம்.காம். முதலாண்டின் பாதியை
அந்தக் கேட்டில்தான் முடித்தேன்,
கடலைக்காரர் கூடை முழங்காலில் இடிக்க.

பிரிவு ஒன்பது:
பதிவான நாளிலிருந்து கம்பெனி ஓர் ஆள்.
உடம்பில்லாத ஆள்.
நிலம் வாங்கும், வழக்குப் போடும்,
உறுப்பினர் வருவார் போவார், அது இருக்கும்.
புத்தகம் இங்கிலீஷ். ஓரத்தில் பென்சிலால்
'சாகாது' என்று எழுதிவைத்தேன்.

எங்கள் ஊர் மில்லும் அப்படியோர் ஆள்:
கோரையாறு ரைஸ் அண்டு அக்ரோ பிரைவேட் லிமிடெட்.
அதன் களத்தில் அம்மா
ஒன்பது வருஷம் நெல் தள்ளினாள்.
அதன் எடைமேடையில் அப்பா
இரண்டு குறுவை, ஒரு தாளடி ஏற்றிவிட்டுச்
சீட்டு வாங்கி வந்தார்.
பொங்கலுக்குள் பணம் என்ற சொல்லையும்
வாங்கி வந்தார்.
பொங்கல் வந்தது.
சாகாத ஆள் செத்துப்போனது.
சாகக்கூடிய முதலாளி
தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி சாலையில்
காலையில் வாக்கிங் போகிறார்.

"முகத்திரையை விலக்குறதுன்னு ஒண்ணு இருக்குல்ல?"
என்றேன் பரீதாவிடம்.
கூத்தாநல்லூர்க்காரி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே,
"அதுக்குக் கோர்ட்டே ஆயிரம் காரணம் கேக்குது பாத்தியா"
என்றாள்.
எதற்கென்று தெரியாமல்
பின்சீட்டில் ஒருவர் சிரித்தார்.

மூன்றாம் செமஸ்டரில் திவால் சட்டம்.
பிரிவு ஐம்பத்து மூன்று:
விற்றது போக வந்ததை
யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு.
அதற்கு அருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
எங்கள் பக்கம் தண்ணீர் விழ உயரம் ஏது?
கல்லணையில் பிரிந்து,
மூணாறு தலைப்பில் இன்னொரு தரம் பிரிந்து,
நடந்துதான் வரும்.
முறைவைத்து விடுவது என்று எழுதியிருந்தால்
அப்போதே புரிந்திருக்கும்.

முதலில் கலைப்பவரின் செலவு.
அடுத்து அடமானம் பிடித்த வங்கி,
அதன் தோளை ஒட்டியே
தொழிலாளியின் இருபத்து நாலு மாதக் கூலி.
மற்ற ஊழியர். பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்.
அரசாங்கம்.
விரல்விட்டு எண்ணினேன்.
அம்மா இரண்டாம் படி.
அப்பா ஆறாம் படி.
அவருக்கும் கீழே பங்குக்காரர்கள் மட்டும்.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன்.
"கல்யாணமாகி இப்பத்தான்
ஒங்கப்பாவுக்கு மேல ஒக்காந்திருக்கேன்"
என்று அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறியது.
அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.
"ஆறுக்குத் தண்ணி வருமா?"
பதினைந்து மார்க்குக்குத் தெரிந்த பதில்
இதற்குத் தெரியவில்லை.

படிவம் நிரப்பினோம்.
எல்.ஐ.சி. கவரிலிருந்து எடைச்சீட்டுகள் வந்தன.
மெஷின் தாள், எழுத்து நிற்காது.
பதினொன்றில் நாலு, வெறும் வெள்ளை.
ஜெராக்ஸ் கடையில் கறுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள்.
இருட்டு வந்தது, எடை வரவில்லை.
"வச்சே அனுப்பு" என்றார் அப்பா.
"இது எத்தன மூட்டைன்னு எனக்குத் தெரியுமே."
சான்று என்றால் என்னவென்று
அவரிடம் நான் ஆரம்பிக்கவில்லை.

தேர்வில் அதே கேள்வி.
எட்டுப் படியும் வரிசை பிசகாமல் எழுதினேன்.
ஏதேனும் ஒன்றுக்கு எடுத்துக்காட்டுத் தருக
என்றும் இருந்தது.
இன்னும் பத்தே நிமிஷம் என்றார் மேற்பார்வையாளர்,
கூடுதல் தாளைக் கொடுத்துக்கொண்டே.
'ஏ' என்பவர் ஒரு கம்பெனிக்கு நெல் விற்றார்
என்று தொடங்கி
மூட்டைக் கணக்கைப் போட்டேன்,
அந்த நாலு சீட்டையும் சேர்த்து.