இரண்டு சுற்று

கவுதாரி இறகு, செம்மஞ்சள் பட்டுநூல்,
பதினாலாம் நம்பர் தூண்டில்.
இறகு இரண்டு சுற்று. மூன்றாவது கூடாது.
கடதாசியில் அடிக்கோடிட்டு ஒட்டியிருக்கு
என் இடுக்கிக்கு மேலே.

தெமட்டகொடையில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
இருபத்தாறு பெண்கள், இருபத்தாறு மேசை விளக்குகள்.
மின்விசிறி போடக்கூடாது, இறகு பறக்கும்.
கட்டுவது எதற்கென்று
முதல் மாதம் எனக்குத் தெரியாது.
குளிர்நாட்டு ஆறுகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்காம்.
அது ஏமாற வேண்டும் என்று
நாளைக்குப் பன்னிரண்டு டசின் பூச்சி
வியர்வையோடு செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஷெரோமி மிஸ்
லென்ஸை வைத்துப் பார்த்து
என்னுடைய பத்தொன்பதைத் தள்ளி வைத்தா.
"மூன்று சுற்று, யோகமலர். தாடி வைச்ச மாதிரிக் கிடக்கு."
தாராளமாய்ச் செய்தால் குற்றமா?
மேசைக்குக் கீழே நிலுஃபா காலைத் தட்டினாள்,
வாயை மூடு என்று.
பத்தொன்பதின் காசும் போச்சு.

அதில் ஒன்று என் ஷோலில் கொளுவிக்கொண்டு
வெளியே வந்துவிட்டது.
களவில்லை.
கொளுக்கி தன் வேலையைச் செய்தது.

ரயில் பாதைக்குப் பின்னால் கால்வாய்.
கபரகொய்யா ஒன்று
பொலித்தீன் பையை விலத்தி நீந்திப் போனது.
கைப்பைக்குள் கிடந்த தையல் நூலில்
பூச்சியைக் கட்டி ஓட்டத்தில் இறக்கினேன்.
நனைந்ததும் ஒட்டிக்கொண்டது,
ஈரத் தும்புத்தடி மாதிரி.
திலாப்பியா ஒன்று கிட்ட வந்து,
லென்ஸ் இல்லாமலே பார்த்து,
திரும்பிப் போனது.

கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை.
நகத்தால் ஏழெட்டு இழையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்
திரும்ப இறக்கினேன்.

இழைகள் விரிந்தன. மடிந்தன.
விரிந்தன.
அந்த ஊத்தைத் தண்ணீரில்
நான் கட்டிய சாமான்
மூச்சு விட்டது.

மீன் வந்ததா என்று மறுநாள் நிலுஃபா கேட்டாள்.
வந்தது. நூல் அறுந்தது.
தையல் நூல்தானே.

இப்போது டசினுக்கு ஒன்றை
தண்ணீர்ப் போத்தல் மூடியில் நனைத்துப் பார்க்கிறேன்.
நனைந்த சரக்கு பெட்டிக்குள் போகாது,
ஷெரோமி மிஸ் ஏசுகிறா.
காய்ந்துவிடும் மிஸ், என்கிறேன்,
விரலால் மூடியை இன்னொரு தரம்
ஆட்டிவிட்டு.