நாற்பத்தாறில் நின்ற எண்

பொம்மனஹள்ளியில் போர்வெல் வற்றிய பங்குனி.
லாரி வருவது செவ்வாயும் சனியும்.
ஆளுக்கு நாலு குடம் என்று
ஜயம்மா மாடிப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதிப்போட்டாள்.
ஒரே அறையில் மூன்று பேர் நாங்கள்,
நான், ரூபாலி, சகாயராணி.
பன்னிரண்டு குடத்துக்கு
மூன்று தலை, மூன்று வயிறு, ஃபேக்டரிக்குப் போட்டுப்போன துணி.

குளியலைக் குறைத்தோம்.
அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் அலசினோம்.
நான் என் பங்குக்கு
வாய் கொப்பளிப்பதை விட்டேன்.

காலையில் இரண்டு இழுப்பு, இரவில் இரண்டு.
குலுக்கி, உள்ளிருக்கும் மூச்சை வெளியே தள்ளி,
உதட்டால் கவ்வி, அழுத்தி, மெதுவாக இழுத்து,
பத்து எண்ணும்வரை பிடித்து.
அதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.
அதற்குப் பிறகு வாயில் ஊற்றித் துப்புகிற
அந்த அரை டம்ளர்தான் கண்ணை உறுத்தியது.
துப்புவதற்கா தண்ணீர்?

மூன்றாம் வாரம்
நாக்கில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை.
ரசம் எரிந்தது. இட்லி எரிந்தது.
மோர் எரிந்தது என்றால் நம்புவீர்களா.
குரல் கம்மிவிட்டது.
லைன் சூப்பர்வைசருக்கு நான் சொன்ன 'வந்துட்டேன் சார்'
நானூறு மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

மருந்துதான் கெடுக்கிறது என்று முடிவு கட்டினேன்.
மூச்சும் அப்போது நன்றாகத்தான் இருந்தது.
நன்றாக இருக்கிறவளுக்கு எதற்கு?
அந்த ஊதா டப்பாவைப் பெட்டியில்
புடவைக்கு அடியில் வைத்தேன்.
அதன் முதுகில் ஒரு சின்ன ஜன்னல்.
அதில் 46.

பதினாறு நாள் அந்த எண் அப்படியே இருந்தது.
நான்தான் குறைந்துகொண்டு வந்தேன்.
மாடிப்படியில் இரண்டாம் திருப்பத்தில் நின்றேன்,
அடுத்த வாரம் முதல் திருப்பத்தில்.
விடிகாலை மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ துருப்பிடித்த கேட்டைத்
திறந்து திறந்து மூடினார்கள்.
நீலத்தை எடுத்து அடித்தேன், அடங்கியது.
மறுநாளும் நீலம். அதற்கு மறுநாளும்.
காலர் திருப்பும்போது பறக்கும் பஞ்சு என்றேன்,
சில்க் போர்டு புகை என்றேன்,
பக்கத்து மனையில் இடிக்கிற சுவர் என்றேன்.
பெட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ரூபாலிதான் இ.எஸ்.ஐ.க்கு இழுத்துப்போனாள்.
அவளுக்குத் தமிழில் இரண்டே சொல் தெரியும்,
'போதும்', 'வா'.
இரண்டையும் சேர்த்துச் சொன்னாள்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தாள்.
அட்டையில் நான் எழுதிவைத்த தேதியைப் பார்த்தாள்.
டப்பாவைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.
அவள் உதடு கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.
பாதி கன்னடத்தில் பாதி தமிழில் கேட்டாள்:
"தினமும் எடுத்ததாலதானே நல்லா இருந்தே?"
நாக்குக்குச் சொட்டு மருந்து எழுதினாள்.
தண்ணீர்க் கதையைச் சொன்னேன்.
பேனாவை மூடிக்கொண்டே,
"பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி இழுத்துக்கோ" என்றாள்.
அவ்வளவுதான்.
எப்படியும் துப்பப் போகிற தண்ணீர்.
ஒரு மடக்கு கூட அதிகமில்லை.
பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது.

சகாயராணி ஒரு ராத்திரி கேட்டாள்,
"எனக்கும் இளைக்குதுடி, ஒரே ஒரு இழுப்பு தா."
உப்பு தருவேன், சார்ஜர் தருவேன்,
சம்பளத்துக்கு முந்தின வாரம் நூறு ரூபாய் தருவேன்.
இதைத் தரமாட்டேன் என்றேன்.
உடனே இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கிளம்பு என்றேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
கிளம்பினாள்.

வைகாசியில் புதியதைப் பிரித்தேன்.
முதல் நாலு அழுத்தம் காற்றுக்குத்தான்,
தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
ஜன்னலைத் திறந்து
பொம்மனஹள்ளிக்கு நாலு கொடுத்தேன்.
எண் 120க்கு வந்தது.
கீழே லாரி வந்து நின்று,
ஜயம்மா குடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
"என் குடத்தை வரிசையில வை, வரேன்" என்று கத்தினேன்.
மூன்று மாடிக்கும் கேட்டது.