நாற்பத்தாறு வயதில் கம்பி

பல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பூட்டு ஒட்டிய பிறகு
நீல விளக்கை அணைத்துவிட்டுத் தொபேக்கா கேட்டாள்:
"ரப்பருக்கு என்ன நிறம், கோகி ஆன்ட்டி?"
அட்டையில் பன்னிரண்டு நிறங்கள்.
பக்கத்து நாற்காலிப் பள்ளிக்கூடப் பையன்
தன் ரக்பி அணிக்காகக்
கறுப்பும் வெள்ளையும் என்றான்.
நான் வாயைத் திறந்தபடியே
வெளிர்நீலத்தைக் காட்டினேன்.
"வீட்டில் குழம்புதானே? பத்து நாளில் பாருங்கள்" என்றாள்.
பத்து நாள் எதற்கு?
மூன்றாம் நாளே மஞ்சள்தூள்
என் வாயைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது.

சாட்ஸ்வொர்த்தில் பேருந்தைவிடச் செய்தி வேகம்.
கசாப்புக்கடை வரிசையில் ஒருத்தி:
"மகன் கல்யாணமா, போட்டோவுக்கா?"
அவனுக்குப் பதினாறுதான் ஆகிறது.
"அப்போ உனக்கேதான் இன்னொரு கல்யாணம்!"
சிரித்துவிட்டேன்.
உதட்டின் உட்புறம் கொக்கியில் மாட்டிக்கொண்டது.
மெழுகை உருட்டி ஒட்டியபடி
அரைக்கிலோ ஆட்டுக்கறி கேட்டேன்,
கொத்திய கறியாக.

கம்பியை இறுக்கிய வாரம்
வெண்டைக்காய்கூட எலும்பாகிவிடும்.
வேலையிடத்தில் பன்னி சௌ வாங்கினால்
நடுவிலிருக்கும் பீன்ஸ் எனக்கு,
ரொட்டிச் சுவர்கள் நான்கும் ருக்மணிக்கு.
கடற்கரையில் சுட்ட சோளத்தைக்
கத்தியால் சீவி மணிமணியாகத் தின்றேன்.
ஒரு புறா
என்னைவிட வேகமாகத் தின்றது.

மின்வெட்டு இரவுகள்தான் கஷ்டம்.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஃபியூஸ் போட்டவள் நான்.
இப்போது என் மகன் பிரணவன்
போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்துக்கொண்டு நிற்கிறான்.
கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை,
பிறகு அந்தக் குட்டி பிரஷ்
தூணுக்குத் தூண் நுழைந்து வரும்.
"இடது பக்கம் மூன்றாவதில் கீரை."
இல்லை.
"இருக்கிறது அம்மா, பச்சையாக."
பன்னிரண்டு நிமிடம். அவன் கை வலித்து
வெளிச்சம் மெல்ல என் மூக்குக்கு ஏறும்.

பல் எப்படி நகர்கிறது என்று
டாக்டர் காசிம் ஒருநாள் படம் போட்டுக் காட்டினார்.
போகிற பக்கம் எலும்பு கரைந்து வழி விடுமாம்,
விட்டுவந்த பள்ளத்தில் புது எலும்பு ஊறுமாம்.
அவசரப்பட்டால் வேர் கெட்டுவிடும்.
ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் இதைச் சொன்னேன்.
டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.
"மேகசின் பேரக்ஸிலிருந்து
எங்களைப் பாத்திரங்களோடு லாரியில் ஏற்றியபோது
எவனும் இப்படிப் படம் போடவில்லை" என்றார்.
பிறகு, "மொத்தம் எவ்வளவு?"
சொன்னேன்.
"கூரை மாற்றியிருக்கலாம்."

இருபத்தாறாம் மாதம் கம்பியைக் கழற்றினார்கள்.
மழையில் கழுவிய தரைபோல்
நாக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது.
தொபேக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து
"இதை இரவில் போடாவிட்டால்
பழைய இடம் தேடிக் கிளம்பிவிடும்,
பல்லுக்கு ஞாபகம் அதிகம்" என்றாள்.

சென்ற வாரம் இரண்டு இரவு மறந்துவிட்டேன்.
புதன்கிழமை விடியலில் போட்டுப் பார்த்தபோது
முன்பல் ஒன்று இறுகியது,
மயிரிழைதான்.
கண்ணாடியில் அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.
திட்ட மனம் வரவில்லை.
அழுத்திப் பொருத்தினேன்.
ஆறு நாற்பது பேருந்து
முனையில் திரும்பும் சத்தம் கேட்டது.
டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
வாயைத் திறக்காமல் ஓடினேன்.