முப்பத்தொன்று

எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
பதிவேட்டில் நாற்பத்தாறு பேர்.
சுவரில் தனிம வரிசை அட்டவணை;
ஆணி கழன்று மூலை மடிந்ததில்
ஹீலியம் பாதிதான் தெரியும்.

சத்துணவு முடிந்து
கை காயுமுன் தொடங்கிய விளையாட்டு:
பதிவேட்டில் உன் எண் எதுவோ
அதுவே உன் தனிமம்.
உட்கருவில் எத்தனை புரோட்டானோ அதுதான் எண்.
நியூட்ரான் கூடலாம், குறையலாம், எடைதான் மாறும்;
புரோட்டானில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது
என்று விதி போட்டவள் முதல் எண்காரி அபிநயா.
ஒற்றைப் புரோட்டானுக்கு வாயைப் பார்.

இருபத்தொன்பது ருகையா. தாமிரம்.
"ஆறே எம் பேர்லதாம்ட்டி ஓடுது" என்றவள்
அன்றைக்குச் சேரன்மகாதேவிப் பாலம் வரை
தரையில் நடக்கவில்லை.
தாமிரத்தின் வெளிக்கூட்டில் ஒரே எலெக்ட்ரான்,
வீடு தங்காதது.
அவளிடம் முதல் பெஞ்சில் ஒன்றைச் சொன்னால்
கடைசி பெஞ்சில் பல்பு எரியும்.

நான் முப்பது. துத்தநாகம்.
இரண்டு, எட்டு, பதினெட்டு,
வெளியே இரண்டு,
அதிகம் வெளியே போகாத இருவர்.
"நாம ரெண்டு பேரும் கலந்தா பித்தளைட்டி" என்றாள் ருகையா.
அதன் பிறகு எனக்கு
என் தனிமம் பிடித்துப்போயிற்று.

முப்பத்தொன்று சுடலைவடிவு.
ஆனி மாதம் அவள் அப்பா
பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போனார்.
அவள் பெயர்மேல் சிவப்பு மைக்கோடு.
அட்டவணையில் அந்தக் கட்டம் காலியம்.
பேரைப் பார்த்து முதலில் சிரித்தோம்.

அட்டவணை போட்டவரும் அதைக் காலியாகத்தான் விட்டாராம்,
அலுமினியத்துக்குக் கீழே.
இப்படியொன்று வரும், எளிதில் உருகும்
என்று எழுதியும் வைத்தாராம்.
நாலே வருஷத்தில் வந்தது.
உள்ளங்கைச் சூட்டில் உருகுமாம்;
நம்மூர்ப் பங்குனி வெயிலுக்குக் கை எதற்கு,
டப்பாவைத் திறந்தாலே ரசம்.
நாங்களும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம்:
முப்பத்தொன்றுக்கு ஒருத்தி வருவாள்,
மெல்லப் பேசுவாள், சட்டென்று அழுவாள்,
முட்டையை எனக்குத் தருவாள்.

தை பிறந்து, இடையன்குடியிலிருந்து வந்தாள் ஜெபஸ்லின்.
ஆபீசில் கொடுத்த எண் நாற்பத்தேழு.
விரல் வைத்துத் தேடினோம்.
வெள்ளி.
தாமிரத்துக்கு நேர் கீழே,
ஒரு கூடு அதிகம்,
வெளியே அதே ஒற்றை எலெக்ட்ரான்.
மின்சாரம் தாமிரத்தைவிடச் சுலபமாக ஓடுமாம் இதில்.
மூன்றாம் பீரியடுக்குள்
ருகையா வாயடைத்து உட்கார்ந்திருந்தாள்.
நாலாவதில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.
பித்தளையைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சமையல்கூடத்தில் ஒரு கடுகு வாங்கினோம்.
ஹைட்ரஜனின் உட்கரு கடுகென்றால்
எலெக்ட்ரான் அறுபது மீட்டர் தள்ளி.
அபிநயா மைதான நடுவில் கடுகை வைத்தாள்.
நான் நடந்தேன்.
கொடிக்கம்பம் தாண்டி, குழாயடி தாண்டி,
மதிலில் முதுகு இடிக்கும் வரை.
இடையில் ஒன்றுமே இல்லை.
திரும்பி வந்தால் கடுகும் இல்லை;
எறும்பு கொண்டுபோயிருந்தது.
இத்தனை வெறுமையை உள்ளே வைத்துக்கொண்டா
பெஞ்சு இவ்வளவு கெட்டியாக இருக்கிறது?

காலையில் எண் கூப்பிடும்போது
முப்பது. "உள்ளேன்."
அடுத்து முப்பத்திரண்டு.
டீச்சர் இப்போதெல்லாம் நடுவில் நிறுத்துவதில்லை.

எண் மாறினால் தனிமமே மாறிவிடும் என்கிறது புத்தகம்.
திருப்பூரில் அவளுக்கு
என்ன எண்ணோ.