ஒன்றாம் தேதி

பெப்சி பாட்டிலில் இருந்தது. பச்சை. இனிப்பு.
ரேடியேட்டருக்கு ஊற்றியதில் மிச்சம்.
வாளையாரில் ஓரங்கட்டிய லாரிக்குள்
இருட்டில் கை தவறி எடுத்து
அரை பாட்டில் குடித்திருக்கிறான் ரங்கராசு.
விடிகாலையில் கிளீனர் பையன் கொண்டுவந்து போட்டபோது
போதை என்றே சீட்டில் எழுதினார்கள்.
வாயில் வாடை இல்லை,
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

லேபில் நான்.
மூத்திரத் துளியைக் கண்ணாடியில் பரப்பிப் பார்த்தால்
உறைகள்.
நாலு மூலையும் மடித்து ஒட்டிய தபால் உறைகள்,
முகவரி இல்லாமல், நூற்றுக்கணக்கில்.
இருபத்திரண்டு வருஷத்தில்
இத்தனை தபால் எனக்கு வந்ததில்லை.

டாக்டர் ஷீபா கேட்ட முதல் கேள்வி:
"பிராந்தி கிட்டுமோ?"
முறிமருந்து ஸ்டோரில் கிடையாது.
அதன் இடத்தில் சாராயம் நிற்கும், சமாளிக்கும்.
ஆனால் தேதி ஒன்று.
கேரளத்தில் ஒரு கடை திறக்காது.

கோகிலவாணி அப்போது பஸ்ஸில், கோவையைத் தாண்டி.
தமிழ் பேசுகிறவள் என்று போனை என்னிடம் நீட்டினார்கள்.
எல்லைக்கு முன்னால் இறங்கி ஒரு முழு பாட்டில்
வாங்கிவாம்மா என்றேன்.
வெகுநேரம் எஞ்சின் இரைச்சல் மட்டும்.
பிறகு, "என்னையவா வாங்கச் சொல்றீங்க?"

பன்னிரண்டுக்குத்தான் ஷட்டர் ஏறியதாம்.
வரிசையில் முதல் ஆள் அவள்.

ஈரலில் ஒரு செக்போஸ்ட் உண்டு, அவளிடம் சொன்னேன்,
பச்சை லோடு அங்கே சீல் வாங்கினால்தான் விஷம்.
பிராந்தி லோடை முன்னால் நிறுத்திவிட்டால்
அங்கே கை ஒழியாது.
அதற்குள் மிஷின் ரத்தத்தை அலசிவிடும்.
டிரைவர் பெண்டாட்டி. உடனே புரிந்துகொண்டாள்.
"ஏற்கெனவே தாண்டிப் போனதுங்க?"
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மூக்குக் குழாயில் அளந்து அளந்து இறங்கியது.
எட்டு வருஷம் அவள் ஒளித்து வைத்தது,
கொட்டிக் கவிழ்த்தது,
தாலிமேல் சத்தியம் வாங்கியது.
மணிக்கொரு தரம் அவளே நர்ஸுக்கு ஞாபகப்படுத்தினாள்.

தாண்டிப் போனவை சிறுநீரகத்தில் போய்க் குவிந்திருந்தன.
பதினொரு நாள் பை காலி.
ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ்.
பன்னிரண்டாம் நாள் நாற்பது மில்லி.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கோட்டை இரண்டு தரம் படித்தாள்.

இன்னும் வாரம் இரண்டு தடவை வர வேண்டும்,
எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று லேபுக்கு வந்து நின்றாள்.
எங்கள் ஃபிரிட்ஜில், அவன் பெயர் ஒட்டி வைத்திருந்த பாட்டிலைக் கேட்டாள்.
காலிதானே அம்மா என்றேன்.
"திருப்பிக் குடுத்தா பத்து ரூவா தருவாங்க."
கழுவி, மூடியை இறுக்கி,
டயாலிசிஸ் சீட்டோடு பையில் போட்டுக்கொண்டாள்.