சாக்பீஸ் அளவு

மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்குப் பின்னால்
சபீர் பட்டறையில்
மூன்று வண்டிகள் நின்றன எங்களுக்காக.

ஒன்று குட்டி யானை.
சுமக்கும், ஆனால் மூச்சு வாங்கும்.
கூண்டை ஏற்றிவிட்டால்
மேட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் பாரம்.

ஒன்று பழைய ஆம்புலன்ஸ்.
உயரம் சரி, ஓட்டம் சரி, விலை ரொம்பச் சரி.
அமலோற்பவம் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்,
மெதுவாகச் சாத்தினாள்.
"இதுல படுத்தா
யாராச்சும் எழுப்பிக்கிட்டே இருப்பாங்க."

மூன்றாவது பிக்கப், வெள்ளை.
போன வருஷம்வரை கோழித்தீவனம் அடித்தது.
அதன் வெற்றுத் தளத்தில்
இன்னும் கட்டாத எங்கள் வீட்டின் மேல்
இரண்டு காக்கைகள்.

சபீர் கேட்டான்: எத்தனை பேர்?
வாய் தன்னால் சொன்னது:
ஐம்பத்திரண்டு, நிக்கிறவங்க தனி.
அவன் சிரிக்கவில்லை.
இரண்டு என்று எழுதிக்கொண்டான்.

இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர்.
புதுச்சேரி கடலூர், கடலூர் புதுச்சேரி.
இருபத்திச் சொச்சம் கிலோமீட்டரை
நோட்டு மடிப்பதுபோல் மடித்து மடித்து
விரலிடுக்கில் வைத்திருந்தேன்.
பிரித்துப்போட்டால் பூமியை எத்தனை சுற்று என்று
ஓய்வுபெற்ற அன்று கணக்குச் சொல்லிக் கைதட்டினார்கள்.
கடலூருக்கு அந்தப் பக்கம் என்ன என்று
யாராவது கேட்டிருந்தால்
திரும்புகிற டிரிப் என்றிருப்பேன்.

"தண்ணி நூறு லிட்டர்னா நூறு கிலோ.
பேட்டரி, சிலிண்டர், பிளைவுட், நீங்க ரெண்டு பேரு.
எல்லாம் பின் அச்சுக்கு முன்னால உக்காரணும் சார்.
பின்னால போச்சுன்னா மூக்கு தூக்கும்,
ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது."

இதைத்தானே தம்பி
தொண்டை கட்டக் கட்டச் சொன்னேன்:
முன்னாடி போங்க, முன்னாடி போங்க,
நடுவுல எல்லாம் காலியாத்தான இருக்கு.

நாலு மூலையிலும் கால் வைக்கலாம் என்றான்.
கூண்டை நிறுத்திவிட்டு வண்டியை உருவிக்கொள்ளலாம்,
ஊரில் இருக்கும் நாளில் லோடு அடிக்கலாம்.
எனக்குப் பிடித்துவிட்டது.

"நான் உள்ள தூங்கும்போது
வண்டி மட்டும் கெளம்பிப் போயிடும்."
"அப்படி எங்க போகப்போறேன்?"
"இத்தன வருஷம் போனீங்களே, விடிகாலைல."

சபீர் டேப்பை விட்டான்.
அது சர்ரென்று உள்ளே ஓடி ஒளிந்தது.

பிறகு சிமெண்டுத் தரையில் கோடு கிழித்தான்:
ஆறரை அடி, நாலே முக்கால்.
டிரைவர் தலைக்கு மேல் வரும் படுக்கை.
"படுத்துப் பாத்துடுங்க."

நான் நின்றேன்.
தவளக்குப்பம் திருப்பத்தில் ஒரு மாலை
ரோட்டில் இப்படியொரு கோடு,
ஓரத்தில் கவிழ்ந்த சைக்கிள்.
பஸ் அதைச் சுற்றி ஊர்ந்தபோது
ஜன்னலோரத்தில் யாரும் மூச்சுவிடவில்லை.
கோட்டுக்குள் படுப்பது எனக்கு அது.

அவள் அதற்குள் படுத்திருந்தாள்,
செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு.

நானும் கழற்றினேன்.
தகரக் கூரையில் ஆணி போன ஓட்டைகள்.
அவள் முழங்கை என் விலாவில் இடித்தது.
"நாலு விரக்கடை கூட்டுப்பா" என்றாள் சபீரிடம், படுத்தபடியே.
"தலைமாட்டுல ஜன்னல் வையி."

"மழை அடிக்கும்மா."

"அதுக்குத்தான்."

"நாலு விரல் கூட்டினா அடுப்பு மேடை சுருங்கும்."

"சுருங்கட்டும். இவர்தான் சமைக்கப்போறாரு."

இது எனக்குப் புதிய செய்தி.
எந்த வண்டி என்று சபீர் கேட்கவே இல்லை,
அட்வான்ஸை எண்ணிக்கொண்டான்.

அரியாங்குப்பத்துக்கு நின்றபடி வந்தோம்.
சின்னப் பையன் கண்டக்டர், என்னைத் தெரியவில்லை.
இரண்டு டிக்கெட் வாங்கினேன்.
முன்னால் நின்றவள் முதுகில்,
தோளுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு சாண் கோடு.
தட்டிவிடக் கை தூக்கினேன்.
வீட்டின் எந்தப் பக்கம் அது என்று தெரியவில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.